வன்னிக்கு உதைபந்தாட்டம் பார்க்கப் போகும் ஆதரவாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த ஊர் அணி வெளியூரில் விளையாடும்போது கூடப் போய் நின்று குரல் கொடுப்பது பெரிய உதவி. பழக்கமில்லாத மைதானத்தில் பதினொரு பேர் இறங்கும்போது, கயிற்றுக்கு வெளியே தெரிந்த முகங்கள் சில நின்றாலே அவர்களுடைய ஓட்டம் மாறிவிடும். ஆனால் அந்த ஆதரவாளர்கள் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களும் அந்தப் பதினொரு பேர்தான். ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் புகுந்தாலும், எதையாவது எறிந்தாலும், வெடி கொளுத்தினாலும் கழகத்தையே பொறுப்பாக்குகின்றன பிஃபாவின் ஒழுக்காற்று விதிகள். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் அந்த விதிகளை யாரும் விரித்து வாசிப்பதில்லை என்றாலும், தண்டனை அதே வழியில்தான் வந்து சேருகிறது. அடுத்த ஆண்டு அந்தக் கழகத்துக்கு அழைப்பு வராது.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. ஊரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவு மாவட்டத்திலும் இருக்கிறது, மன்னார்த் தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. முள்ளியவளை, முள்ளிவாய்க்கால், முள்ளிக்குளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்கள். கடைசிப் பெயரில் ஓர் ஊர் மன்னாரின் தென்கரையில் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு, இலங்கையின் வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்கள் சேர்ந்த 'வன்னி' ஒரே இடமாகத் தெரியலாம். ஆனால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு நகரத்துக்கு இன்னும் சுமார் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போனாலும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மாவட்டம், பிரதான வீதியில் திரும்ப வேண்டிய சந்தி, மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாடசாலை அல்லது கோயில் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது போட்டி நடத்தும் கழகத்துச் செயலாளரிடம். கைபேசி வரைபடம் காட்டும் உள்வீதி சில இடங்களில் வயல்வரம்பில் போய் முடியும்.

ரயிலை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. வடக்கு ரயில் பாதை ஏ9 வீதியை ஒட்டியே போகிறது: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை. போரில் அழிந்த அந்தப் பாதை கிளிநொச்சிவரை 2013இலும் யாழ்ப்பாணம்வரை 2014இலும் மீண்டும் திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் போட்டி என்றால் ரயில் நல்ல வழி. முல்லைத்தீவுக்கு ரயிலே கிடையாது. மன்னாருக்கு உண்டு, ஆனால் அந்தப் பாதை மதவாச்சியில் பிரிகிறது. கிளிநொச்சியிலிருந்து ரயிலில் மன்னார் போக நினைப்பவர் வவுனியாவையும் தாண்டித் தெற்கே போய்த் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு வரும் ஆதரவாளர்களுக்கு, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி, வெள்ளாங்குளம் வழியான ஏ32 வீதியே குறுக்கு வழி. அந்த வீதியில் எரிபொருள் நிலையங்கள் அடுத்தடுத்து இல்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் புறப்படும் இடத்திலேயே தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் நடுவில் மடுத் திருவிழா வருவதையும் மறக்கக் கூடாது. அந்த நாள்களில் மன்னார்ப் பக்கம் போகும் பஸ்களில் நிற்கவும் இடம் இராது.

கூட்டமாகப் போக வாகனம் பிடிக்கும்போது நடக்கும் தவறுதான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. வான் பிடித்தால் ஆளுக்கு இவ்வளவு, உழவு இயந்திரப் பெட்டி என்றால் டீசல் காசு மட்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். பெட்டி நிறைய இளைஞர்கள் நிற்பார்கள். இருவர் பக்கப் பலகையில் குந்தியிருப்பார்கள். ஒருவர் இரண்டு கைகளாலும் கொடியைப் பிடித்திருப்பார். அவர் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை. எதிரே டிப்பர் வரும்போது சாரதி வீதியோரக் கிறவலில் இறக்குகிறார், பெட்டி ஒரு பக்கம் சாய்கிறது, எல்லோரும் கூச்சலிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒரு நொடியில் வேறாகிவிடக்கூடிய இடம் அது. போகும்போது வெளிச்சம் இருக்கும், சாரதியும் தெளிவாக இருப்பார். திரும்பும்போது இரண்டும் இராது; பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கும் பெரும்பாலும் இராது. பணம் போதாவிட்டால் ஆள்களைக் குறையுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். நாற்பது பேர் பெட்டியில் போவதைவிடப் பதினைந்து பேர் இருக்கையில் அமர்ந்து போவது அணிக்கு நல்லது.

மைதானத்துக்குப் போனதும் கண்ட இடத்தில் நின்றுவிடாதீர்கள். பெரும்பாலான போட்டிகள் பிற்பகலில் தொடங்குகின்றன. மைதானம் வடக்குத் தெற்காக நீண்டிருந்தால் கிழக்குப் பக்கத்தில் நிற்பவர் ஆட்டம் முழுவதும் வெயிலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மேற்குப் பக்கம் வசதியானது. ஆனால் விருந்தினர் பந்தலும் உள்ளூர் மக்களும் அங்கேதான் இருப்பார்கள். நேரே போய் நடுவில் புகுந்து நிற்காமல், ஏற்பாட்டாளர் ஒருவரிடம், "ஐயா, நாங்கள் எந்தப் பக்கம் நிற்கலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வன்னியில் கிடைக்கும் மரியாதை பெரியது. பல இடங்களில் கதிரையும் தண்ணீரும் சேர்ந்தே வரும். தண்ணீருக்கு மட்டும் அவர்களை நம்பியிராதீர்கள். கோடையில் வன்னியில் குடிநீர் இலகுவாகக் கிடைக்கும் பொருள் அல்ல. சில கிராமங்களுக்கு பவுசரில்தான் வருகிறது. விருந்தாளிக்கு அவர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பதாலேயே நம்முடைய தண்ணீரை நாம் கொண்டுபோக வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசு கண்ணை நிறைக்கும். தொப்பியும் ஒரு துவாயும் போதும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கயிற்றைத் தள்ளிக்கொண்டு கோட்டுவரை வந்து நிற்பது எல்லா மைதானங்களிலும் நடக்கிறது. உதவி நடுவர் கடைசிக்கு முந்திய தடுப்பாட்டக்காரருக்கு நேராக, கோட்டோரமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டியவர். அவர் ஓடும் பாதையில் நீங்கள் நின்றால் அவர் ஓரடி பின்னால் நிற்பார். அந்த ஓரடியில் உங்கள் அணியின் நல்ல கோல் ஒன்று ஓஃப்சைட் ஆகிவிடலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் கூடுவதும் அப்படித்தான். பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல். வலைக்குப் பின்னால் சரிவாக நிற்பவரின் கண்ணுக்கு, கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பந்தும் உள்ளே போனதாகவே தெரியும். அங்கிருந்து எழும் "கோல்" என்ற சத்தத்தை நம்பி எத்தனை சண்டைகள்.

விசில் கொண்டுபோகாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் ஆட்டத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில் ஒலித்தது. விசில் வைத்திருந்தவர் வந்த அணியின் ஆதரவாளர். எதிரணி வீரர் தள்ளியதைக் கண்டு ஆத்திரத்தில் ஊதினார். அவருடைய அணியின் தடுப்பாட்டக்காரரே ஆட்டம் நின்றதென்று நினைத்துப் பெனால்டி எல்லைக்குள் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். ஊர்ச் சனம் முழுவதும் "பெனால்டி" என்று எழுந்து நின்றது. ஆட்ட விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது: பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தைக் குழப்பினால், நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். அந்த நடுவர் விதி தெரிந்தவர், அப்படியே செய்தார். சனத்துக்கு அது புரிய வெகுநேரம் எடுத்தது. மிச்ச ஆட்டம் முழுவதும் அவர் சனத்தின் வாயில் கிடந்தார். தவறு செய்தவர் கூட்டத்துக்குள் மறைந்து நிற்க, பழி நடுவரைச் சேர்ந்தது. இதைவிட முற்றிப்போனால், வெளியார் தலையீட்டுக்காக ஆட்டத்தை நிறுத்திவைக்கவும் அடியோடு கைவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

வெடி பற்றி என் கருத்து உறுதியானது: வந்த அணியின் ஆதரவாளர்கள் வெடி கொண்டுபோகக் கூடாது. ஊர்க் கழகம் கொளுத்தினால் அது அவர்கள் பாடு, எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. 2009இல் இந்த மண்ணில் ஷெல்லுக்குள் கிடந்து எழுந்தவர்கள் மைதானத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளில் வாழ்கிறார்கள். கோல் அடித்த மகிழ்ச்சியில் கொளுத்தும் சரவெடி, பக்கத்து வீட்டுத் தாய் ஒருவரைக் கட்டிலுக்குக் கீழே ஒளிய வைக்கக்கூடும். பரந்தன் முல்லைத்தீவு வீதியால் போகும் வாகனங்களுக்கும் இதுவே பொருந்தும். அந்த வீதி விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போரின் கடைசி மாதங்கள் நடந்த வழியாகவே போகிறது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாள்களிலும் நவம்பர் கடைசி வாரத்திலும் அங்கே ஹோனும் மேளமும் பாட்டுமாகப் போவது பெரிய தவறு. அந்த நாள்களில் போட்டி வைக்கும் உள்ளூர்க் கழகத்தை நான் கண்டதில்லை. வேறு வேலையாகக் கழகக் கொடியோடு போனாலும் பாட்டை நிறுத்திவிடுங்கள்.

குடித்துவிட்டுப் போகாதீர்கள். பல மைதானங்கள் பாடசாலை மைதானங்கள். சிறுவர்களும் பெண்களும் கயிற்றோரம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கெட்ட வார்த்தை பேசும் ஒருவருக்காக முழு ஊரும் உங்கள் அணியை வெறுக்கும். நம்மோடு வரும் பெண்களுக்குக் கழிப்பறை வசதி எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதும் இதே மரியாதையின் பகுதிதான். பெரும்பாலும் அதைக் கேட்பவர் யாருமில்லை.

ஆண்களும் கேட்க வேண்டும். கண்ட பற்றைக்குள் ஒதுங்கும் பழக்கம் வன்னியில் ஆபத்தானது. முகமாலைப் பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் மிதிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்திருக்கிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை அல்லது சிவப்பு முனை பூசிய கட்டைகள் நிற்கும் இடத்துக்குள் ஓரடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத காட்டோரத்திலும், ஊரவர் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள். பந்து வெளியே போனால் உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்துவரட்டும்; எந்தப் பக்கம் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மண்ணில் புதைந்த இரும்புத் துண்டு எதையும் காலால்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். அதைக் கண்டால் பொலிஸுக்கு 119இல் அறிவிக்கலாம். ஆட்டத்தில் யாராவது மோசமாகக் காயப்பட்டால் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த நேரத்தில் இடத்தைச் சொல்ல, முன்பு எழுதி வைத்த சந்தியும் பாடசாலைப் பெயரும் உதவும்.

தோற்றுவிட்டால் நடுவரைச் சூழ்ந்துகொள்வதில் பயன் எதுவும் இல்லை. கோலா இல்லையா, ஓஃப்சைடா இல்லையா போன்றவற்றில் நடுவரின் தீர்ப்பே இறுதி என்பது ஆட்ட விதி. எந்த ஏற்பாட்டுக் குழுவாலும் அதை மாற்ற முடியாது. முறைப்பாடு செய்யக்கூடியவை வேறு: பதிவில் இல்லாத வீரர் விளையாடியது, வேறு கழகத்தவர் பெயர் மாற்றி இறங்கியது போன்றவை. அவற்றையும் அணி முகாமையாளர் எழுத்தில், சுற்றுப்போட்டியின் விதியில் சொன்ன நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆதரவாளர் இருபது பேர் மேசையைச் சூழ்ந்து கத்தினால் நியாயமான முறைப்பாடும் அடிதடியாக மாறி, அதன் பிறகு யாரும் அதை வாசிக்கமாட்டார்கள். முகாமையாளரைத் தனியே போகவிடுங்கள்.

வென்றாலும் தோற்றாலும் புறப்படும் நேரத்தை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளூர்களிலிருந்து பிரதான வீதிக்கு வரும் பஸ்கள் பொழுது சாயும்போதே அருகிவிடும். விலகல் முறைப் போட்டி சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனால் இன்னும் தாமதமாகும். பரிசளிப்பு விழாப் பேச்சுகள் அதற்கும் மேல். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். சொந்த வாகனத்தில் வந்தவர்களுக்கு இரவு வேறு சிக்கல். வீதியில் கட்டாக்காலி மாடுகள் கூட்டமாகப் படுத்திருக்கும். தாரின் சூட்டுக்கு அவை எழும்பாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை நிற்கும். யானையைக் கண்டால் ஹோன் அடிக்காமல், பெரிய வெளிச்சம் போடாமல், தூரத்திலேயே நிறுத்தி, எதிரே வரும் வாகனங்களுக்கும் சைகை காட்டி, அது கடந்து காட்டுக்குள் போகும்வரை காத்திருங்கள். படம் எடுக்க இறங்காதீர்கள். மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் ஏ9 வீதி வரும்வரை தனித்தனியாகப் பிரியாமல், வேகம் குறைந்தவரை முன்னே விட்டுச் சேர்ந்தே போக வேண்டும். சந்திக்கு வந்ததும் ஆள்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் அங்கேயே நின்று அழைப்பெடுங்கள். உள்வீதிகளில் சில இடங்களில் தொலைபேசி அலை கிடைக்காது, ஆகவே பதில் வராவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.