நீலத் தொட்டியில் எதைப் போடலாம்? சிங்கப்பூரில் வீட்டுக்கும் கடைக்கும் ஒரு செய்முறை விளக்கம்

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் குடியேறும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "புளோக்குக்குக் கீழே ஒரு நீலத் தொட்டி நிற்கிறதே, அதில் என்ன போடுவது? ஊரில் மாதிரி மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரிக்க வேண்டுமா?" கேட்காமலேயே கையில் உள்ளதைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே மறுசுழற்சியை மறுபயனீடு என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே.

எதற்காக இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நாம் வீசும் குப்பை எரி ஆலைக்குப் போகிறது. எரித்தபின் மிஞ்சும் சாம்பல் கடல்வழியாக செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999ல் திறக்கப்பட்ட அந்த நிரப்புநிலம்தான் (கழிவைக் கொட்டி நிரப்பும் இடம்) நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே நிரப்புநிலம். இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. இன்னொரு தீவைத் தேடிப் போக இந்தச் சின்ன நாட்டில் இடமில்லை. அப்படியிருந்தும் 2023ல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 12 விழுக்காடுதான்.

படி 1: உங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டி உண்டு. பெரும்பாலும் கார்ப்பேட்டைப் பக்கமோ, லிஃப்டுக்குப் போகும் நடைபாதைப் பக்கமோ நிற்கும். 2014 முதல் திட்டமிடப்பட்ட புதிய வீவக புளோக்குகளில் இதைவிட வசதி அதிகம்: ஒவ்வொரு மாடியிலும் சாதாரணக் குப்பையைக் கீழே தள்ளிவிட ஒரு குழாய், மறுபயனீட்டுப் பொருள்களுக்குத் தனியாக ஒரு குழாய். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். குழாயின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். தரைவீடு என்றால் வாசலிலேயே உங்களுக்கென்று தொட்டி இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை வந்து எடுப்பார்கள். கூட்டுரிமை வீடுகளில் (காண்டோ) தொட்டி வைத்துத் தர வேண்டியது நிர்வாகத்தின் சட்டக் கடமை. இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

படி 2: வீட்டுக்குள் ஒரு பெட்டியோ பையோ ஒதுக்குங்கள்

2023 மார்ச்சில் 'புளூபாக்ஸ்' என்ற மடக்கு பெட்டியை வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தார்கள். அது உங்களிடம் இல்லாவிட்டால் ஒரு பழைய அட்டைப்பெட்டி போதும். அடுப்படியில் சிங்க்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் வீட்டில் முதலில் பால்கனியில் வைத்தோம். யாரும் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. சிங்க் பக்கம் மாற்றிய பிறகுதான் பழக்கம் வந்தது.

படி 3: பிரிக்க வேண்டியதில்லை, ஆனால் அலச வேண்டும்

புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சிங்கப்பூரில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகிய நான்கையும் ஒரே நீலத் தொட்டியில் சேர்த்தே போடலாம். வகை பிரிக்கும் வேலை பிறகு பிரிப்பு ஆலையில் நடக்கிறது. அங்கே பொருள்கள் ஓடும் பட்டையில் வர, இயந்திரமும் மனிதக் கைகளும் சேர்ந்து பிரிக்கின்றன. நம் பங்கு ஒன்றே: உணவும் திரவமும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது.

நீலத் தொட்டிக்குள் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு பயன்படாமல் போகிறது. போடக்கூடாத பொருள் ஒரு காரணம், உணவு அழுக்கு இன்னொரு காரணம். ஒருநாள் காலையில் யாரோ சுத்தமாக மடித்துக் கட்டிவைத்த நாளிதழ்க் கட்டின்மேல், பாதி குடித்த தே தாரிக் (பால் தேநீர்) பொட்டலம் உடைந்து ஊறிக்கிடந்ததைப் பார்த்தேன். கட்டு முழுவதும் வீண். மடித்துக் கட்டியவர் கையின் உழைப்பும் அதோடு போயிற்று. ஊறிய காகிதத்தை மீட்க முடியாது. அது எரி ஆலைக்குத்தான் போகும்.

அதனால் ஊறுகாய்ப் பாட்டில், நெய் பாட்டில், மைலோ டின், கெட்டிப்பால் டின் எல்லாவற்றையும் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டுப் போடுங்கள். பளபளவென்று தேய்க்க வேண்டாம். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரே போதும், அதற்கென்று புதிதாகக் குழாயைத் திறக்காதீர்கள். தாப்பாவ் (பொட்டலம் கட்டி) வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியும் அலசினால் போடத் தக்கதே. குழம்பு ஒட்டியபடி இருந்தால் சாதாரணக் குப்பையில் போடுவதுதான் நல்லது.

படி 4: எது போகும், எது போகாது

தொட்டியின் மேலேயே படங்களோடு ஒட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நம் வீட்டுப் பொருள்களை வைத்துச் சொன்னால் மனத்தில் நிற்கும்.

போகும்: நாளிதழ், பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம், விளம்பரத் தாள், முட்டை அட்டை, அட்டைப்பெட்டி (தட்டையாக மடித்து), அலசிய பால் பெட்டி, தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், சுத்தமான பிளாஸ்டிக் பை, கண்ணாடிப் பாட்டில், பான டின். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போகும், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டால். பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையும் போகும். ஆனால் மினுமினுப்புத் தூள் ஒட்டியது வேண்டாம்.

போகாது: பயன்படுத்திய டிஷ்யூ, நுரைப்பெட்டி, எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை (சுத்தமான மேல்பாதியைக் கிழித்துப் போடலாம்), காகிதக் கோப்பை, உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள சிப்ஸ் பொட்டலம், உறிஞ்சுகுழல், பீங்கான் தட்டு, மெலமைன் தட்டு, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், அகல் விளக்கு. அடுப்புக் கண்ணாடி வேறு சூட்டில் உருகுவது. பாட்டில் கண்ணாடியோடு சேர்ந்தால் அந்தத் தொகுதியே கெடும். துணி, காலணி, பொம்மை, தலையணையும் கூடாது. உடுத்தும் நிலையில் உள்ள துணியைக் கொடுத்துவிடுங்கள். பழைய பொருள் வாங்கும் கராங்குனிக்காரர் வந்தால் பழைய நாளிதழ், துணி, ஓடாத வானொலி எல்லாவற்றையும் அவர் எடுத்துக்கொள்வார், சில காசும் தருவார். ஒலிப்பானை அழுத்திக்கொண்டு மாடி மாடியாக வரும் அந்த மனிதர்கள், நீலத் தொட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வேலையைச் செய்துவந்தவர்கள். அவர்களை விரட்டாதீர்கள்.

"எப்படியும் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தான் கொட்டுகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது உண்மையில்லை. மறுபயனீட்டுப் பொருள்களுக்குத் தனி லாரி, தனி வழி.

படி 5: மின்பொருள், மின்கலம்

இவை நீலத் தொட்டிக்குள் போகவே கூடாது. லித்தியம் மின்கலம் நசுங்கினால் லாரியிலேயே தீப்பிடிக்கலாம். 2021 ஜூலை 1 முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மின்பொருள் கடைகள் சேகரிப்புத் தொட்டி வைக்க வேண்டும். கைப்பேசி, மடிக்கணினி, சின்ன மின்கலம், விளக்கு ஆகியவற்றை அந்தந்தத் துளையில் போடலாம். புதிய குளிர்பதனப் பெட்டியோ துவைப்பு இயந்திரமோ வாங்கும்போது, கொண்டுவந்து இறக்குகிறவர்கள் பழையதை இலவசமாக எடுத்துப் போக வேண்டும். இதை வாங்கும்போதே சொல்லி ரசீதில் எழுதிக்கொள்ளுங்கள். சோபா, மெத்தை போன்றவற்றுக்கு நகர மன்றத்தை அழையுங்கள். தாழ்வாரத்தில் விட்டுவைத்தால் தீ விபத்து நேரத்தில் வழி மறிக்கும்.

படி 6: வைப்புத்தொகை உள்ள பாட்டிலைத் தனியே வையுங்கள்

பான டின், பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றுக்கு 10 காசு வைப்புத்தொகை வாங்கி, காலியாகத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டம் ஒன்று உண்டு. தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1 என்று அறிவித்தார்கள். 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரை கொள்ளும், வைப்புத்தொகைக் குறியீடு அச்சிட்டவை மட்டும். கண்ணாடிப் பாட்டிலும் பால் பெட்டியும் இதில் இல்லை. அவை எப்போதும்போல் நீலத் தொட்டிக்கே.

படி 7: கடையோ அலுவலகமோ நடத்துகிறீர்களா?

தேக்காவில் காய்கறிக்கடை, மளிகைக்கடை, உணவகம் நடத்தும் நண்பர்களுக்கு இது. பக்கத்துப் புளோக்கின் நீலத் தொட்டி வீடுகளுக்காக வைத்தது. பத்துப் பதினைந்து வெங்காய அட்டைப்பெட்டியை அதில் திணித்தால் காலை ஏழு மணிக்கே தொட்டி நிரம்பிவிடும். அந்தப் புளோக்கின் நூறு குடும்பங்களுக்கு இடமிருக்காது. உங்கள் குப்பையை எடுக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்திடமே மறுபயனீட்டுக்குத் தனி ஏற்பாடு கேளுங்கள். அட்டைப்பெட்டியைத் தட்டையாக்கி மழை படாமல் அடுக்கிக் கட்டிவைத்தால் எடுத்துப்போக ஆள் கிடைப்பது எளிது. வாழையிலையும் காய்த்தோலும் உணவுக்கழிவு, அட்டையோடு கலக்காதீர்கள்.

பெரிய இடங்களுக்குச் சட்டமே உண்டு. 200 அறைகளுக்கு மேல் உள்ள ஹோட்டல்களும், வாடகைக்கு விடும் பரப்பு 4,600 சதுர மீட்டரைத் தாண்டும் கடைத்தொகுதிகளும் 2014 முதல் ஆண்டுதோறும் கழிவுக் கணக்கையும் குறைப்புத் திட்டத்தையும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கொடுக்க வேண்டும். பொட்டலப் பொருளை இறக்குமதி செய்தோ சொந்தப் பெயரிலோ விற்கும் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் என்றால் பொட்டலம் கட்டப் பயன்படுத்திய பொருள்களின் கணக்கும் தர வேண்டும். உணவுக்கழிவு அதிகம் உண்டாகும் பெரிய வணிக வளாகங்கள் 2024 முதல் அதைத் தனியே பிரித்துப் பதப்படுத்தியாக வேண்டும்.

சின்னக்கடைக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது. ஆனால் வேலைக்கு வரும் தம்பியிடம் முதல் நாளே இரண்டு தொட்டியையும் காட்டி, எதில் எது என்று அவன் மொழியில் சொல்லிக்கொடுங்கள். தொட்டிமேல் தமிழிலும் வங்காளத்திலும் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஓர் உணவகத்தில் அப்படி ஒட்டிய வாரத்திலிருந்து அட்டைமேல் சாம்பார் கொட்டுவது நின்றது.