ரியாக்‌ஷன் டெஸ்ட்டில் எந்த எண்ணை நம்புவது?

ஆன்லைனில், திரையில் நிறம் மாறியதும் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறீர்கள் என்று அளக்கும் ரியாக்‌ஷன் டைம் டெஸ்ட் எடுத்துப் பழகுகிறீர்களா? எப்போதும் ஒரே கருவியில், ஒரே மவுஸில் எடுங்கள். ஐந்து முறை எடுத்து, எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஆகச் சிறந்த எண் வேண்டாம்.

வரும் எண்ணில் உங்கள் வேகம் மட்டும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படத்தைப் புதுப்பிக்கும்; 144 ஹெர்ட்ஸ் திரைக்கு அது சுமார் 7. மவுஸின் தாமதமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் நேற்று போனில் எடுத்ததையும் இன்று லேப்டாப்பில் எடுத்ததையும் ஒப்பிட்டு, முன்னேறிவிட்டதாகவோ பின்தங்கிவிட்டதாகவோ நினைக்க வேண்டாம். நடு எண்ணை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், நிறம் மாறும் என்று ஊகித்து முன்கூட்டியே தட்டியது தற்செயலாகப் பொருந்தினால் அதுவே 'சாதனை' ஆகிவிடும். ஓட்டப் பந்தயத்திலேயே துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள், அதாவது 100 மில்லி விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம்தான். 100 மில்லி விநாடிக்குக் கீழே வருவதைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

எண்களை நினைவில் வைக்கும் டெஸ்ட்டுக்கு இது பொருந்தாது. அங்கே கருவியால் வித்தியாசம் வராது. போன் நம்பர் சொல்வதுபோல் மூன்று மூன்றாகப் பிரித்துப் படிப்பதுதான் அங்கே உதவும். மீண்டும் ரியாக்‌ஷன் டெஸ்ட்டுக்கு வந்தால், கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் புது மானிட்டரோ மவுஸோ வாங்கி, அதனால் மொத்தத் தாமதம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பவர்கள் கருவியை மாற்றித்தான் ஆக வேண்டும். அவர்களும் நடு எண்ணையே ஒப்பிடட்டும்.