செட்டிநாட்டுச் சாலையில் சைடு மிரர் பத்திரம்

காரைக்குடி பக்கம் கேரவன் ஓட்டி வருகிறீர்களா? முதலில் அடிவாங்குவது சைடு மிரர்தான், அதிலும் வலப்பக்கத்து மிரர். எதிரே வரும் பஸ்ஸின் மிரரோடு உரசினால் கண்ணாடியோடு போகாது, அதைத் தாங்கும் கையும் உடையும். மிரரின் முதுகில் மாட்டும் பிளாஸ்டிக் கவர் சின்ன உரசலைத் தாங்கும். நேர் மோதலுக்கு உதவாது. அதன் முன்பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒட்டினால் இரவில் எதிரே வருபவருக்கு நம் அகலம் தெரியும்.

ஆத்தங்குடி, கானாடுகாத்தான் கிளைச் சாலைகளில் பஸ் வந்தால் இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். வீம்பு வேண்டாம், பஸ்காரர் நிற்க மாட்டார்! நின்ற பிறகு வலது மிரரை மடக்குங்கள். கிளம்பும் முன் மறக்காமல் விரித்துவிடுங்கள். இடப்பக்கம் சீமைக்கருவேல முள் நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், மழை பெய்திருந்தால் மண் ஓரத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள்.