சுருக்கம் எழுதிவிட்டு ஆய்வு என்று நினைத்திருந்தேன்

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கைகழுவல் பற்றிய இணையப் பக்கம் வாசகரை எப்படி இணங்க வைக்கிறது என்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினேன். திரும்பி வந்த தாளில் ஒரே குறிப்பு: "என்ன சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சொல்கிறது?"

உண்மைதான். நனை, நுரையாக்கு, தேய், அலசு, உலர்த்து என ஐந்து படிகளையும் ஒப்பித்திருந்தேன். பிறரை இணங்க வைக்கும் வழிகளாக அரிஸ்டாட்டில் சொன்ன நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் மூன்றுக்கும் தலைக்கொரு பத்தி வேறு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரியோடு உட்கார்ந்தேன். குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். நேரம் கணக்கிடப் பிறந்தநாள் பாட்டை இரண்டு முறை முணுமுணுக்கலாம். ஏன் பாட்டு? சோப்புக் கையோடு யார் கடிகாரம் பார்ப்பார்கள்! குழந்தைக்கும் தெரிந்த பாட்டு, வெறும் எண்ணைச் செய்துபார்க்கக்கூடிய அளவாக மாற்றிவிடுகிறது. படிகளெல்லாம் ஏவல் வினையில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. "கழுவினால் நல்லது" என்ற தயக்கமே கிடையாது. அமெரிக்க அரசுத் தளங்களுக்குரிய 'டாட் கவ்' (.gov) என முடியும் முகவரி அந்த அதிகாரத்தைத் தாங்குகிறது.

பிறகு ஒவ்வொரு பத்தியையும் ஒரு சொல்தேர்வில் தொடங்கினேன். இது யாருக்காக, வேறு மாதிரி எழுதியிருந்தால் எது போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டே எழுதினேன். ஐந்து படிகளும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன.