வீட்டிலேயே வெப்ப உமிழ் வினை: சிறுவர்களுக்கான இரண்டு சோதனைகள்

சில வேதிவினைகள் நிகழும்போது தாமாகவே வெப்பத்தை வெளியிடுகின்றன. இவற்றை அடுப்பும் தீயும் இல்லாமலே குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் தொட்டுப் பார்த்து "சூடாக இருக்கிறது" என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், அளந்து எழுதச் செய்யுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உடல் வெப்பத்தை ஒட்டிய அளவுகளை மட்டுமே காட்டும் என்பதால், 0 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும், பாதரசம் இல்லாத வெப்பமானி தேவை. பெரியவர் ஒருவர் உடனிருக்க, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைகளுக்குக் கையுறையும் அணிந்தபின் தொடங்குங்கள்.

முதல் சோதனைக்குச் சோப்பு கலக்காத, மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு வேண்டும். துருப்பிடிக்காத எஃகினால் ஆன பளபளப்பான பாத்திரச் சுருள் பயன்படாது, ஏனெனில் இங்கே வெப்பம் தருவதே துருப்பிடித்தல்தான். பஞ்சை ஒரு நிமிடம் வினிகரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, வெப்பமானியின் நுனியைச் சுற்றிப் பொதிந்து ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வைத்து, வாயைக் காகிதத்தால் தளர்வாக மூடுங்கள். இழைமேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சை வினிகர் அகற்றிவிடுவதால், இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் விரைவாகச் சேர்கிறது. ஐந்து நிமிடங்களில் வெப்பநிலை சில டிகிரி ஏறுவதைக் காணலாம். வெறும் நீரில் நனைத்த பஞ்சை இன்னொரு குவளையில் வைத்து ஒப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். ஏறியது வினையால்தான், அறையின் வெப்பத்தால் அன்று என்பதை அதுவே உறுதிசெய்யும். குளிர்காலத்தில் கைகளைச் சூடாக்கப் பயன்படும் சிறு பைகளுக்குள் இருக்கும் இரும்புத்தூளும் இவ்வாறே வெப்பம் தருகிறது.

இரண்டாவது சோதனை இன்னும் வேகமானது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 50 மில்லிலிட்டரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டைச் சேர்த்துக் கிளறுங்கள். ஈஸ்ட்டிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும்போது நுரை பொங்கும். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேலும் உயரலாம். அரை நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வரைபடமாக்கினால், வினை எப்போது தணிகிறது என்பது தெளிவாகப் புலப்படும். பாத்திரத்தை ஒருபோதும் மூடக்கூடாது. 3 சதவீதத்திற்கு மேல் செறிவுள்ள கரைசலைத் தொடவே வேண்டாம்.

இரண்டு சோதனைகளுக்கும் தனித்தனிப் பாத்திரங்களையே பயன்படுத்துங்கள். வினிகரும் பெராக்சைடும் கலந்தால் தோலையும் கண்களையும் அரிக்கும் அமிலம் உருவாகும். முடிந்தபின் நுரையை ஏராளமான நீர்விட்டுக் கழுவி ஊற்றுங்கள். மிஞ்சிய இரும்புப் பஞ்சு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், தீப்பொறிக்கும் மின்கலங்களுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.