சிங்கப்பூரில் வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் முன் உங்கள் பாஸைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் போதும், சிங்கப்பூரில் வாட்ஸ்அப் குழுக்களில் அதிரசம், கைமுறுக்கு, இட்லி மாவு என்று விலைப்பட்டியல் வர ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களுக்கு அதைப் பார்த்ததும் "நாமும் போடலாமே" என்று தோன்றும். கைப்பக்குவம் இருக்கிறது, பகலில் நேரமும் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் "லைசென்ஸே வேண்டாம்" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது உங்கள் அடுப்படிக்குத்தான் பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பது நீங்கள் எந்தப் பாஸில், அதாவது எந்தத் தங்கும் அனுமதியில், இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடுப்படி விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசுக் குடியிருப்பு வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்க முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. விளம்பரப் பலகை மாட்டக்கூடாது, வாசலில் கூட்டம் சேரக்கூடாது, புகையும் சத்தமும் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பும் உரிமம் கேட்பதில்லை. ஆனால் கேட்டரிங் எடுப்பதற்கும் உணவகங்களுக்குச் சப்ளை செய்வதற்கும் இடமில்லை.

இனி டிபெண்டன்ட் பாஸ், சுருக்கமாக டிபி. கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் ஒன்றில் இருந்து, நீங்கள் அவரைச் சார்ந்து டிபி-யில் வந்திருந்தால், சம்பாதிக்கும் எந்த வேலைக்கும் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். முன்பெல்லாம் வேலை கிடைத்தால் எல்ஓசி என்ற ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடலாம். 2021 மே 1 முதல் அந்த வழி மாறிவிட்டது. வேலைக்குப் போக முறையான வொர்க் பாஸ் வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் எல்ஓசி இன்னும் இருக்கிறது.

என் தோழி மாட்டிக்கொண்டது இந்த "மட்டும்" என்ற இடத்தில்தான். காரைக்குடிக்காரர். அவர் சுற்றும் கைமுறுக்கில் ஏழு சுற்றும் ஒரே கனத்தில் இருக்கும். நிறுவனங்களைப் பதிவு செய்து தரும் ஒரு ஏஜென்ட், "அக்ரா-வில் பெயரைப் பதிந்துவிடலாம், எல்ஓசி தானாக வந்துவிடும்" என்று சொல்லிப் பணம் வாங்கினார். அக்ரா என்பது தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு. பதிவும் ஆனது. பதிவுச் சான்று கையில் இருந்தால் யாருக்குத்தான் தைரியம் வராது? ஆர்டர் எடுத்தார், முன்பணம் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் வந்தது, தேக்கா (லிட்டில் இந்தியா) சந்தையில் பச்சரிசியும் வெல்லமும் வாங்கி இறக்கினார்.

எல்ஓசி-க்கான நிபந்தனையை அப்புறம்தான் நிதானமாகப் படித்தோம். சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரையாவது வேலைக்கு வைக்க வேண்டும். அவருக்கு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளமும் குறைந்தது 3 மாத மத்திய சேமநிதிப் (நம் ஊர் பிஎஃப் மாதிரி) பங்களிப்பும் கொடுத்திருக்க வேண்டும். சரி, ஒருவரை வைக்கலாம் என்றால், வீட்டில் நடத்தும் சிறுதொழிலில் அந்த வீட்டில் வசிக்காதவர் வேலை செய்யக்கூடாது என்று வீவக விதி சொல்கிறது. ஒரு விதி ஆள் வை என்கிறது, இன்னொன்று அந்த ஆளை அடுப்படிக்குள் விடாதே என்கிறது. வெளியாட்கள் இருவர் வரை வரலாம் என்ற ஹோம் ஆபீஸ் திட்டம் கணக்கு எழுதுவது, மென்பொருள் மாதிரியான அலுவலக வேலைகளுக்கு, பலகாரத்துக்கு இல்லை. ஆக, டிபி-யில் இருப்பவர் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்க நடைமுறையில் வழியே இல்லை. பணம் வாங்கும்போது இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம் அந்த ஏஜென்ட். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோழி முன்பணம் முழுவதையும் திருப்பி அனுப்பினார். பாகு வைத்துப் புளிக்கவிட்ட அதிரச மாவைத் தட்டிச் சுட்டு, ஆர்டர் கொடுத்தவர்களுக்கே இலவசமாகக் கொடுத்தார். செட்டிநாட்டுக் கைப்பக்குவம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, காசுதான் வரவில்லை.

"சின்னத் தொகைதானே, யார் பார்க்கப்போகிறார்கள்" என்பவர்களை நம்பாதீர்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணவரின் கணக்கில் பணம் வாங்கினாலும் முறுக்குச் சுற்றியது நீங்கள்தான். நிரந்தரவாசியாகிவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டுப் பணிப்பெண்ணை விற்பனைக்கான மாவு அரைக்கவோ பொட்டலம் கட்டவோ விடக்கூடாது. அவருடைய பெர்மிட் வீட்டு வேலைக்கு மட்டுமே.

யாருக்காவது பணம் கட்டுவதற்கு முன், உங்கள் பாஸின் பெயரைச் சொல்லி மனிதவள அமைச்சிடமே நேராகக் கேளுங்கள். ஏஜென்டிடம்தான் போவீர்கள் என்றால், எல்ஓசி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.