ராமநாதபுரம் கடற்கரையில் விளம்பர ஆலோசனை: சின்ன அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று நம் கடற்கரை ஊர்களில் ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் விளம்பர ஆலோசனை அலுவலகங்கள் இப்போது கண்ணில் படுகின்றன. நல்ல விஷயம். லாட்ஜ் வைத்திருப்பவரும் கருவாட்டுக் கடைக்காரரும் இதற்காக மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஆர்வமாகத் தொடங்கிய சில இடங்கள் கொஞ்ச நாளில் ஷட்டரை இறக்கிவிடுகின்றன. அவர்களுக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரே மாதிரியான சில தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, ஒரு ஊடகத்தின் பெயரிலேயே உங்களை விற்பது. 'ரீல்ஸ் செய்து தரப்படும்', 'பேஸ்புக் விளம்பரம்' என்று போர்டு வைத்தால் வேலை சீக்கிரம் வரும், உண்மைதான். அந்த ஊடகம் ஆட்டம் கண்டால் நீங்களும் சேர்ந்து ஆடுவீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கடையின் வாடிக்கையாளர் யார், எந்த ஊர், என்ன கேட்பார் என்று தெரிந்து வைத்திருந்தவர்களால் வேறு இடத்துக்கு மாற முடிந்தது. டிக்டாக்கின் நெளிவு சுளிவு மட்டும் தெரிந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் போடும் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று பேஸ்புக் அறிவித்தது. கடைகளும் நிறுவனங்களும் நடத்திய பக்கங்களுக்குக் காசு கொடுக்காமல் ஆட்கள் வருவது அதோடு குறைந்தது. இந்த இரண்டு முடிவுகளும் நம்மைக் கேட்டு எடுக்கப்பட்டவை இல்லை, இனி வரப்போகிறவையும் அப்படித்தான் வரும்.

எனவே கடைக்காரரிடம் போய் உட்கார்ந்ததும் எந்தச் செயலியில் போடலாம் என்று பேச ஆரம்பிக்காதீர்கள். யார் வாங்குகிறார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் ஊரில் பதில் பல நேரம் விநோதமாக இருக்கும். ராமேஸ்வரம் லாட்ஜுக்கு ராமேஸ்வரத்தில் வாடிக்கையாளரே கிடையாது. அவர் குஜராத்திலோ ராஜஸ்தானிலோ உட்கார்ந்து, காசி போய்விட்டு ராமேஸ்வரம் வரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தமிழில் அழகாக ஒரு ரீல் போட்டு என்ன பயன்? கீழக்கரையில் வேறு கதை. கல்யாணத்துக்குப் பாத்திரமும் ஜவுளியும் எடுக்க வீட்டில் இருப்பவர்கள் கடைக்கு வருவார்கள், பணத்துக்குச் சரி சொல்லும் ஆள் சபுராளியாக, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவராக, துபாயில் இருப்பார். அங்கே வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய நேரத்தில் அவர் வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது உங்கள் படமும் விலையும் அதில் இருக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு பதிலே இல்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேரைச் சேர்த்து, 'வஞ்சிரம் கருவாடு வந்துவிட்டது' என்று அனுப்புகிறார்கள். அந்தச் செய்தி, கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருந்தால் போதாது. பாதிப் பேருக்குப் போகாமலே 'வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை, இன்ஸ்டாவுக்கு மாறலாம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வழி ரொம்ப எளிது. பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்ததும் விலையோடு அனுப்புகிறோம்.' கல்லாவில் இருக்கும் பையனும் பில் போடும்போது அதையே வாயால் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் வீடியோவை விட இந்தச் சீட்டு வியாபாரத்துக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து கூகுள் மேப். லாட்ஜ் வேலையை ஒப்புக்கொண்டால் முதல் வாரம் முழுக்க இதற்கே கொடுங்கள். குறி சரியான தெருவில் விழுந்திருக்கிறதா, கார் உள்ளே வர முடியாத சந்துக்குள் வண்டியை இழுத்துப் போகிறதா என்று நீங்களே போனைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அங்கே இருக்கும் எண் பழைய மேனேஜருடையதாக இருக்கலாம், கூப்பிட்டுப் பாருங்கள். படங்களில் மாடிக் கூரையும் பெயர்ப்பலகையும்தான் இருக்கும். வருகிறவருக்குத் தெரிய வேண்டியதோ குளியலறை எப்படி, வெந்நீர் உண்டா, அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போகலாமா, 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு ஈரத்துணியோடு திரும்பினால் உடை மாற்ற இடம் இருக்கிறதா, வயதானவர்களுக்கு லிஃப்ட் உண்டா என்பதுதான். இதற்கெல்லாம் தமிழிலும் இந்தியிலும் பதில் எழுதிப் போடுங்கள்.

எழுதிப் போட்டதை அப்படியே விட்டுவிடுவதும் தவறுதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு, ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டதால், 'மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் வாருங்கள்' என்று எழுதி வைப்பது சரியாக இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் உங்கள் வாடிக்கையாளரின் இணையதளம் பெட்டி படுக்கையோடு வரும் குடும்பத்தை மண்டபத்தில் இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தால், கேள்விக்குத் தேடிப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதைப் படித்துத் தப்பாகவே சொல்ல வாய்ப்பு உண்டு. மாதத்தில் ஒரு நாளை இதைச் சரிபார்க்க ஒதுக்குங்கள், அதற்கும் சேர்த்தே கட்டணம் கேளுங்கள்.

காலண்டரைப் பார்க்காமல் திட்டம் போடுவது இன்னொன்று. சென்னையில் யாரோ செய்த ஆண்டுத் திட்டத்தை வாங்கி இங்கே பொருத்தினால் பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கையில் காசு புரளாத அந்த நாட்களில் தவணையில் டிவி, பிரிட்ஜ் என்று விளம்பரம் செய்யச் சொல்வது பணத்தைக் கடலில் போடுவதுதான். அதே மே மாதத்தில் பள்ளி விடுமுறை என்பதால் சுற்றுலாக்காரர்கள் குவிவார்கள், லாட்ஜுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அதுதான் சீசன். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு விளம்பரமே வேண்டாம், அறைகள் தானாக நிரம்பும். அப்போது செலவழிப்பதை நிறுத்திவிட்டு, வந்தவர்களிடம் எண் வாங்கி வைப்பதில் கவனம் வையுங்கள்.

பழைய ஊடகம் செத்துவிட்டது என்று பேசுவது இளைஞர்கள் அதிகம் செய்யும் தவறு. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, பேப்பருக்குள் நோட்டீஸ் வைப்பது, கேபிள் டிவியில் ஓடும் வரி இவையெல்லாம் நம் பக்கம் இன்னும் ஆளைக் கூட்டி வருகின்றன. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் ஒலிக்கிறது. வலை, ஐஸ் பெட்டி, படகு என்ஜின் விற்பவருக்கு ரீல்ஸ் பற்றி வகுப்பெடுக்கும் முன் அவருடைய வாடிக்கையாளர் காதில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

பொய்ப் படம் வேண்டவே வேண்டாம். செயற்கை நுண்ணறிவில் நொடியில் படம் வருகிறது என்பதற்காக அரியமான் கடற்கரைக்குப் பின்னால் பச்சை மலையோடு ஒரு படத்தைப் போட்டால், இந்த மாவட்டத்துக்காரர் யாரும் அந்தக் கடையை நம்பமாட்டார். காசு கொடுத்து வாங்கும் ரிவியூவும் அப்படித்தான்; கூகுள் விதிகளுக்கு அது எதிரானது, பிடிபட்டால் கெடுவது கடைக்காரரின் பெயர். முண்டு மிளகாய் விளம்பரத்திலும் கவனம் தேவை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்காக எந்த மிளகாய்ப் பொட்டலத்திலும் அதை ஒட்டிவிட முடியாது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த கடைக்காரர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம். இதில் கூச்சப்படுவதால்தான் நிறைய பேர் நொடிந்து போகிறார்கள். விளம்பரத்துக்கான காசும் உங்கள் கட்டணமும் ஒரே தொகையாக இருக்கக் கூடாது. கடைக்காரர் பத்தாயிரம் கொடுத்தால் அது முழுவதும் உங்களுக்கு என்று அவர் நினைப்பார், அதில் ஏழாயிரம் பேஸ்புக்குக்குப் போய்விட்டது உங்களுக்குத்தான் தெரியும். விளம்பரத் தொகையின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு இருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளம்பரத்துக்கு அவருடைய கார்டையே இணைக்கச் சொல்லுங்கள். 'அண்ணே, நீங்க போடுங்க, மாசக் கடைசியில தர்றேன்' என்பவர் நல்லவராகவே இருக்கலாம், தடைக்காலத்தில் அவருக்கே வசூல் வராதபோது உங்களுக்கு எங்கிருந்து தருவார்? சொந்தக்காரர், தெரிந்தவர் என்றாலும் என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கடையின் பேஸ்புக் பக்கம், மேப் பதிவு, இணையதளப் பெயர் எல்லாவற்றையும் அவசரத்துக்குத் தன் போன் எண்ணில் தொடங்கிவிடும் வழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. நாளைக்கு உறவு கசந்தால் கடைக்காரர் தன் சொந்தக் கடையின் பெயரையே உங்களிடம் கெஞ்சி வாங்க வேண்டிய நிலை வரும், ஊரெல்லாம் அதைச் சொல்லுவார். முதல் நாளே அவருடைய எண்ணில், அவருடைய மின்னஞ்சலில் தொடங்கி, அவரை உரிமையாளராக வைத்து, உங்களை நிர்வாகியாக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலே இல்லாதவர் என்றால் அவர் வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து ஒன்று திறந்து, கடவுச்சொல்லை அவர் கணக்கு நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.